வரவும் செலவும்: ஆங்கிலத்தின் 'கம்', 'கோ'

பள்ளிக்கூடத்து எதிர்ச்சொல் பட்டியலில் 'ஹாட்' எதிரே 'கோல்ட்' இருக்கும், 'அப்' எதிரே 'டவுன்' இருக்கும், 'கம்' எதிரே 'கோ' இருக்கும். முதல் வரியில் தகராறு ஒன்றுமில்லை. கடைசி வரியை நம்பி ஆங்கிலம் எழுதப் போனால்தான் வம்பு. 'த லைட்ஸ் கேம் ஆன்' என்றாலும் 'த லைட்ஸ் வென்ட் ஆன்' என்றாலும் விளக்கு எரிந்தது என்றுதான் பொருள். எதிர்ச்சொல்லைத் தூக்கிப் போட்டும் பொருள் அசையவில்லை. பால் கெட்டுப்போனால் 'த மில்க் வென்ட் பேட்'. அங்கே 'கேம்' போட்டால் எதிர்ப்பொருள் கிடைக்காது, வாக்கியமே நிற்காது. 'ஹீ கேம் ரன்னிங்' என்றால் ஓடி வந்தான். 'ஹீ வென்ட் ரன்னிங்' என்றால் ஓட்டப் பயிற்சிக்குப் போனான். ஓடிப்போனான் என்று சொல்ல வேறு வினை வேண்டும்.

சூடும் குளிரும் ஒரே அளவுகோலின் இரு முனைகள். 'கம்', 'கோ' இரண்டும் அந்த ரகம் இல்லை. ஒருவர் மதுரையில் ரயிலேறிச் சென்னையில் இறங்குகிறார் என்றால், அந்த ஒரே பயணத்தை இரண்டு சொல்லாலும் சொல்லிவிடலாம். மதுரையில் இருப்பவருக்கு அது போக்கு, சென்னையில் இருப்பவருக்கு வரவு. நடந்தது ஒன்றுதான், பார்ப்பவர் நிற்கும் இடம்தான் வேறு. இதில் என்ன புதுசு என்று கேட்கலாம். நிற்கும் இடம் என்ற இந்தச் சின்ன விஷயம் ஆங்கிலத்தின் காலம் காட்டும் முறை, நிலைமாற்றம் சொல்லும் முறை, துணைவினை, சொல்வரிசை என்று எங்கெங்கோ போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த இணையைப் பற்றி இதுவரை நடந்த ஆராய்ச்சிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் அது புலப்படும். எங்கே அந்த விளக்கம் கைவிடுகிறது என்பதும் புலப்படும்.

இதை முதலில் முறையாகப் பிரித்துப் பார்த்தவர் அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபில்மோர். 1966-இல் 'கம்' என்ற ஒரே சொல்லின் பொருளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1971-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் சுட்டுச் சொற்களைப் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றியபோது, அதில் ஒன்றை வருவதற்கும் போவதற்கும் ஒதுக்கினார். நான், நீ, இங்கே, அங்கே, இன்று, நாளை ஆகிய சொற்களுக்கெல்லாம் யார், எங்கே, எப்போது பேசுகிறார் என்று தெரிந்தால்தான் பொருள் முழுமையாகும். 'கம்', 'கோ' இரண்டும் வினைச்சொற்களாக இருந்தும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது அவர் காட்டியது.

பேசுபவர் இருக்கும் இடத்தை நோக்கி நகர்ந்தால் 'கம்' என்று பலரும் விதி சொல்லிக்கொடுக்கிறார்கள். அது கால்வாசிதான். தொலைபேசியில் நண்பரிடம் 'ஐ வில் கம் டு யுவர் ஹவுஸ் டுமாரோ' என்கிறோம். பேசுபவர் இருக்கும் இடத்தைவிட்டு விலகிப் போகிறார், ஆனாலும் 'கம்'. ஏனென்றால் கேட்பவர் அங்கே இருக்கிறார். ஆங்கிலத்தில் கேட்பவரின் இடமும் பேசுபவரின் இடத்துக்குச் சமம். எல்லா மொழியும் இப்படியில்லை. ஸ்பானிய மொழிக்காரர், சாப்பிட வா என்று அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் 'போகிறேன்' என்று பொருள்படும் 'வோய்' என்றுதான் குரல் கொடுப்பார். ஜப்பானியரும் அந்த இடத்தில் 'போ' வினையான 'இக்கு'வைத்தான் சொல்வார். நமக்கு இதில் சிரமமே இல்லை. 'இதோ வர்றேன்' என்றுதான் நாமும் சொல்கிறோம், 'நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்' என்றுதான் நாமும் சொல்கிறோம்.

இடம் மட்டும் போதாது, நேரமும் கணக்கில் உண்டு. அலுவலக மேலாளர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஊழியரிடம் தொலைபேசியில் கேட்கிறார்: 'டிட் யூ கம் டு தி ஆபீஸ் ஆன் ஃப்ரைடே?' இப்போது அவர் அலுவலகத்தில் இல்லை, ஊழியரும் இல்லை. ஆனாலும் 'கம்' பொருந்துகிறது, ஏனென்றால் வெள்ளிக்கிழமை அவர் அங்கே இருந்தார். அதே கேள்வியில் 'கோ' போட்டுக் கேட்டால், வெள்ளிக்கிழமை மேலாளர் அலுவலகத்தில் இல்லையோ என்று ஊழியர் ஊகிக்கலாம். ஒரு சொல் மாற்றத்தில் மேலாளரின் விடுப்பு வெளியாகிவிடக்கூடும். இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. பேசுபவர் ஊரிலேயே இல்லாதபோதும் அவருடைய வீட்டுக்கு ஒருவர் 'கம்' பண்ணலாம், அது அவருடைய இருப்பிடம் என்பதால். அடுத்தது துணை. 'வீ ஆர் கோயிங் டு எ மூவி, டு யூ வான்ட் டு கம்?' என்ற வாக்கியத்தில் இரண்டு வினையும் ஒரே திரையரங்கைக் குறிக்கின்றன. 'நாங்க சினிமாவுக்குப் போறோம், நீயும் வர்றியா?' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், பிசகாமல் அதே கணக்கு.

இந்த ஒற்றுமை தற்செயலாகப்படலாம். ஆனால் தமிழ் இலக்கணம் இதைக் கவனித்து விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் முதல் இயல் கிளவியாக்கம். அங்கே செலவு, வரவு, தரவு, கொடை என்ற நான்கையும் ஒரு கட்டாக எடுத்துக்கொள்கிறார் தொல்காப்பியர். அவற்றில் தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, மற்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்பது விதி. என்னிடத்துக்கும் உன்னிடத்துக்கும் வருவது, அவனிடத்துக்குச் செல்வது. வினையைச் செய்பவர் யார் என்பது இங்கே கேள்வியில்லை. போய்ச் சேரும் இடம் யாருடையது என்பதுதான் கேள்வி. பேசுபவர் அல்லது கேட்பவர் என்று ஃபில்மோர் வகுத்த எல்லை, தன்மையும் முன்னிலையும் ஒரு பக்கம் என்ற இந்தப் பிரிவோடு அப்படியே பொருந்துகிறது. மூன்றே நூற்பாவில் முடிந்த வேலை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நகர்வையும் கொடுக்கல் வாங்கலையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்தது தொல்காப்பியம். ஆங்கிலத்தில் இதற்கு இணையாக 'ப்ரிங்', 'டேக்' என்ற இன்னொரு இணை இருக்கிறது: கொண்டுவருவது 'கம்' வழியில், கொண்டுபோவது 'கோ' வழியில். ஆனால் 'கிவ்' என்ற சொல் யாருக்குக் கொடுத்தாலும் ஒன்றுதான், அதில் திசை கிடையாது. மலையாளத்தில் தருவதும் கொடுப்பதும் இன்றைக்கும் ஆள் பார்த்துத்தான் வரும். எனக்கும் உனக்கும் 'தரு', அவனுக்குக் 'கொடு'. தமிழ்நாட்டுப் பேச்சில் இந்தக் கோடு பெரும்பாலும் அழிந்துவிட்டது.

தன்மையும் முன்னிலையும் இல்லாத இடம் ஒன்று உண்டு, கதை. அங்கே பேசுபவரும் கேட்பவரும் அறைக்குள் இல்லை. 'இரண்டு போலீஸ்காரர்கள் வீட்டுக்குள் வந்தார்கள்' என்று எழுதினால் கதைசொல்லி உள்ளே இருக்கிறார், வாசகரும் உள்ளே இருக்கிறார். 'உள்ளே போனார்கள்' என்றால் இருவரும் தெருவில் நிற்கிறார்கள். ஆங்கில நாவலாசிரியர்கள் 'கேம் இன்', 'வென்ட் இன்' இரண்டையும் வைத்துத்தான் எந்தப் பாத்திரத்தின் தோளில் வாசகரை உட்கார வைப்பது என்று தீர்மானிக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் இதைத் தவறவிடுவதை நிறையப் பார்க்கலாம். 'வென்ட்' இருந்த இடத்தில் 'வந்தான்' என்று போட்டுவிட்டு அடுத்த பத்தியில் ஏன் காட்சி இடிக்கிறது என்று விழிப்பார்கள்.

ஃபில்மோர் சொன்னவற்றில் எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. 'ஹீ கேம் ஹோம் அட் மிட்நைட்' என்றால் நள்ளிரவில் வீடு வந்து சேர்ந்தான். 'ஹீ வென்ட் ஹோம் அட் மிட்நைட்' என்றால் நள்ளிரவில் கிளம்பினான். வீட்டை அடைந்தபோது மணி ஒன்றாகியிருக்கலாம், இரண்டாகியிருக்கலாம். நேரத்தைக் கொண்டுபோய் ஒட்டினால் 'கம்' சேருமிடத்தில் ஒட்டிக்கொள்கிறது, 'கோ' புறப்படும் இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. தமிழிலும் 'பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தான்', 'பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனான்' என்று சொல்லி ஒப்பிட்டால், முதல் வாக்கியம் தெளிவாக இருக்கிறது, இரண்டாவது இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஆக 'கம்' என்பது வந்து சேர்வது, 'கோ' என்பது விட்டுப் போவது. கடல் ஏற்றம் 'கம்ஸ் இன்', இறக்கம் 'கோஸ் அவுட்'. சூரியன் 'கம்ஸ் அப்', பிறகு 'கோஸ் டவுன்'. கண்ணுக்குத் தெரிய வருவது ஒன்று, கண்ணைவிட்டு மறைவது மற்றொன்று.

குழந்தைகளுக்கு இந்தச் சுட்டுக் கணக்கு அவ்வளவு சுலபத்தில் பிடிபடுவதில்லை. ஈவ் கிளார்க், ஓல்கா கார்னிகா இருவரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், வாக்கியத்தைக் கேட்டுவிட்டு யார் பேசினார், யாரிடம் பேசினார் என்று குழந்தைகள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பேச்சில் இரண்டு சொல்லையும் சரளமாகப் பயன்படுத்தும் வயது வந்த பிறகும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதில் தடுமாறினார்கள். தாய்மொழிக் குழந்தைகளுக்கே இந்தப் பாடு என்றால், எதிர்ச்சொல் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளைத் தேர்வுக்கு அனுப்புவது கொஞ்சம் அநியாயம்தான்.

அதே 1974-இல் ஈவ் கிளார்க் 'லாங்வேஜ்' ஆய்விதழில் எழுதிய கட்டுரைதான் இந்த இணையைப் பற்றி வந்தவற்றில் அதிகம் பேசப்பட்டது. இடம்விட்டு இடம் போவதை விட்டுவிட்டு, நிலைவிட்டு நிலை மாறுவதை அவர் எடுத்துக்கொண்டார். ஒருவர் மயக்கநிலைக்குப் போகிறார் என்றால் 'வென்ட் இன்டு எ கோமா', மீள்கிறார் என்றால் 'கேம் அவுட் ஆஃப் எ கோமா'. புத்தி பேதலித்தால் 'வென்ட் அவுட் ஆஃப் ஹிஸ் மைன்ட்', தெளிந்தால் 'கேம் டு ஹிஸ் சென்சஸ்'. இயல்பு நிலையைப் பேசுபவர் தன் வீடாக வைத்துக்கொள்கிறார். அதைவிட்டு விலகுவது 'கோ', அதற்குத் திரும்புவது 'கம்'. விமானம் ஏரிக்குப் பக்கத்தில் 'கேம் டவுன்' என்றால் நல்லபடியாகத் தரையிறங்கியிருக்கலாம். 'வென்ட் டவுன்' என்றால் விழுந்து நொறுங்கியது என்றுதான் முதலில் தோன்றும். நோயாளியின் உடல்வெப்பம் 'கேம் டவுன்' என்று மருத்துவர் சொன்னால் வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடலாம். அதே மருத்துவர் 'வென்ட் டவுன்' என்றால், இயல்புக்குக் கீழே போய்விட்டதோ என்று கேட்க வேண்டியிருக்கும்.

இதிலிருந்து பெயரடையோடு வரும் பயன்பாடுகள் பல விளங்கிவிடுகின்றன. 'கோ' ஏற்பவை: 'மேட்' (பைத்தியம்), 'பிளைன்ட்' (குருடு), 'பால்ட்' (வழுக்கை), 'பேங்க்ரப்ட்' (திவால்), 'சவர்' (புளிப்பு), 'ராங்' (தவறு). 'கம்' ஏற்பவை: 'ட்ரூ' (மெய்), 'அலைவ்' (உயிர்), 'க்ளீன்' (ஒளிக்காமல் சொல்லிவிடுதல்). கனவு மெய்ப்பட்டால் 'கேம் ட்ரூ', திட்டம் பாழானால் 'வென்ட் ராங்'. நல்லது வரும், கெட்டது போகும் என்று ஆசிரியர்கள் சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தச் சுருக்கம்தான் எனக்கு உறுத்தல். சட்டைப் பொத்தான் தளர்ந்தால் 'கேம் லூஸ்', செருப்பு வார் அவிழ்ந்தால் 'கேம் அன்டன்', புத்தகம் பிரிந்து தாள்தாளாக வந்தால் 'கேம் அபார்ட்'. இவற்றில் நல்லது எது? மறுபக்கம், சாலை விளக்கு பச்சைக்கு மாறினால் 'வென்ட் கிரீன்', வகுப்பு அமைதியானால் 'வென்ட் கொயட்', ஒருவர் இறைச்சியை விட்டால் 'வென்ட் வெஜிடேரியன்'. இவற்றில் கெட்டது எது? இயல்பு, இயல்பின்மை என்ற கோடு இங்கே பாதிக் கிணறுதான் தாண்டுகிறது. நள்ளிரவு வாக்கியத்தில் பார்த்த வேறுபாட்டை இங்கே கொண்டுவந்தால் இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம் என்று நினைக்கிறேன். 'கோ' முந்தைய நிலையை விட்டுக் கிளம்பியதைச் சொல்கிறது. அந்த நிலை நல்லதாக இருந்தால் கேடு தெரிகிறது, சாதாரணமாக இருந்தால் வெறும் மாற்றம் தெரிகிறது. 'கம்' வந்து நின்ற முடிவைச் சொல்கிறது. பொத்தான் கையோடு வந்துவிட்டதையும் சொல்கிறது, கனவு பலித்ததையும் சொல்கிறது. கிளார்க் கண்டது தவறில்லை, அது பெரும்பான்மை வழக்கு. அடியில் இருப்பது கிளம்பலும் சேரலும்தான்.

இதற்கும் அடங்காதவை உண்டு. 'கோ ஹங்க்ரி' என்றால் பசிக்கத் தொடங்குவது கிடையாது, பசியோடேயே கிடப்பது. 'கோ அன்நோட்டீஸ்ட்' என்றால் யார் கண்ணிலும் படாமல் போவது. இங்கே எந்த மாற்றமும் நிகழவில்லை. முதுமைக்கு 'கோ'வும் இல்லை, 'கம்'மும் இல்லை, 'குரோ' வருகிறது. நோய்க்கு 'ஃபால்'. கோபத்துக்கு 'கெட்'. பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டிய பகுதி இதுதான், வேறு வழியில்லை.

தமிழை இங்கே பக்கத்தில் வைப்பதில் பயன் இருக்கிறது. கெட்டுப்போனது, அழுகிப்போனது, உடைந்துபோனது, செத்துப்போனான், பயந்துபோனான் என்று நம் 'போ' துணைவினை ஆங்கில 'கோ'வுக்கு அண்ணன் முறை. கரண்ட் போகும், வரும். நினைவு தப்பும், வரும். ஆனால் 'வா' பக்கம் கணக்கு வேறு. நமக்குக் கோபம் வரும், தூக்கம் வரும், அழுகை வரும், காய்ச்சல் வரும். உணர்ச்சியும் நோயும் வெளியிலிருந்து ஆளிடம் வந்து சேர்கின்றன, ஆள் நான்காம் வேற்றுமையில் 'எனக்கு' என்று சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஆங்கிலத்தில் ஆளே எழுவாய். காய்ச்சலோடு 'கேம் டவுன்' ஆவதும் அவர்தான். தமிழ் மாணவர் 'ஆங்கர் கேம் டு மீ' என்று எழுதுவது இதனால்தான். பிழைதான், ஆனால் காரணமுள்ள பிழை.

சொற்களின் பிறப்பைப் பார்த்தால், திசை என்பது பிற்காலத்தில் ஏறிய சாயம் என்ற சந்தேகம் வலுக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'குமன்' என்றிருந்த 'கம்', லத்தீனின் 'வெனியோ'வுக்கும் சமஸ்கிருதத்தின் 'கம்' வேருக்கும் உடன்பிறப்பு. லத்தீனில் அதற்குப் பொருள் வருதல். சமஸ்கிருதத்திலோ முதற்பொருள் போதல்! 'கமனம்' என்றால் போவது. முன்னே 'ஆ' சேர்த்து 'ஆகமனம்' என்றால்தான் வருவது. கிரேக்கத்தில் அந்த வேர் வெறுமனே அடியெடுத்து வைப்பதைக் குறித்தது. ஒரே வேர் ஒரு கிளையில் வரவாகவும் இன்னொரு கிளையில் செலவாகவும் முளைத்திருக்கிறது.

'கோ'வின் கதையில் வேறொரு விசித்திரம். அதற்குச் சொந்தமாக இறந்தகாலமே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் 'கான்' என்ற வினைக்கு இறந்தகாலம் 'எயோடெ', அதுவே வேறு வேரிலிருந்து கடன். திரும்புதல் என்று பொருள்பட்ட 'வெண்ட்' என்ற இன்னொரு வினையின் இறந்தகாலம் 'வென்ட்'. 'செண்ட்' வினைக்கு டகரம் வல்லொலியாகி இறந்தகாலம் வருவதுபோலத்தான் அது உருவானது. 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த 'வென்ட்' வந்து 'கோ'வின் வீட்டில் குடியேறிவிட்டது. வீடிழந்த 'வெண்ட்' தனக்கு 'வெண்டட்' என்று புது இறந்தகாலம் செய்துகொண்டு இன்றும் அபூர்வமாகத் தலைகாட்டுகிறது. 'கோ, வென்ட், கான்' என்று ஒப்பிக்கும்போது நாம் இரண்டு வினைகளை ஒன்றாக ஒப்பிக்கிறோம்.

மூன்றாவது வடிவமான 'கான்' வந்ததும் 'பீன்' குறுக்கே வருகிறது. 'ஷீ ஹாஸ் கான் டு டெல்லி' என்றால் தில்லி போயிருக்கிறாள், இன்னும் திரும்பவில்லை. 'ஷீ ஹாஸ் பீன் டு டெல்லி' என்றால் போய்விட்டு வந்துவிட்டாள். தமிழில் 'போயிருக்கிறாள்' இரண்டுக்கும் பொது என்பதால் நம்மவர்கள் 'ஐ ஹாவ் கான் டு டெல்லி மெனி டைம்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். எதிரே உட்கார்ந்து பேசுபவர் தில்லியில் இருப்பதாகச் சொன்னால் கேட்பவருக்குக் குழப்பம்தான். 'பீன்' 'கம்'முக்கும் வேலை செய்கிறது என்பதைப் பாடநூல்கள் அதிகம் சொல்வதில்லை. பிரிட்டனில் 'ஹாஸ் த போஸ்ட்மேன் பீன்?' என்று கேட்டால், தபால்காரர் வந்துவிட்டுப் போனாரா என்று அர்த்தம். வரவும் செலவும் முடிந்து கணக்குத் தீர்ந்த நிலைக்கு 'பீன்'.

முன்பு இரண்டு வினைகளும் 'ஹாவ்' இல்லாமல் 'பீ' துணையோடு நின்றன. ஜெர்மன் மொழியில் இன்றும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 'ஹீ இஸ் கம்' வழக்கொழிந்து பழைய நூல்களில் முடங்கிவிட்டது. 'ஹீ இஸ் கான்' மட்டும் தப்பிப் பிழைத்தது. வந்தவர் எதிரே நிற்கிறார், அவரைப் பற்றி இருக்கிறார் என்றே சொல்லிவிடலாம். போனவரின் இல்லாமையைச் சொல்லத்தான் தனி வடிவம் தேவைப்பட்டது போலும்.

இலக்கணத்தில் 'கோ' எட்டிய உச்சம் எதிர்காலம். 'ஐ ஆம் கோயிங் டு ஸ்லீப்' என்பதில் யாரும் எங்கும் நடந்து போவதில்லை. 1646-இல் ஜோஷுவா பூல் என்ற பள்ளி ஆசிரியர் எழுதிய இலக்கண நூலே 'கோயிங் டு'வை எதிர்காலக் குறியாகச் சொல்லிவிட்டது. சொல் தன் பொருளை உதிர்த்து இலக்கண உருபாவதற்கு மொழியியலாளர்கள் ஹாப்பரும் டிரௌகாட்டும் 1993-இல் எழுதிய பாடநூலில் இதுதான் முதன்மைச் சான்று. பேச்சில் இது 'கானா' என்று சுருங்கும். அந்தச் சுருக்கம் எதிர்காலத்துக்கு மட்டுமே செல்லும்: 'ஐ ஆம் கானா ஸ்லீப்' சரி, சென்னைக்குப் போகிறேன் என்பதற்கு 'ஐ ஆம் கானா சென்னை' என்றால் யாருக்கும் புரியாது. பழைய வினையும் புதிய உருபும் இரண்டாகப் பிரிந்துவிட்டதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. இங்கேயும் தமிழருக்கு அனுகூலம். 'தூங்கப் போறேன்', 'மழை வரப் போகுது' என்று நாமும் அதே வழியில் எதிர்காலம் செய்கிறோம். 'போகப் போறேன்', 'கோயிங் டு கோ' இரண்டிலும் ஒரு 'போ' நடந்து போவது, மற்றது நேரப்போவது என்று வேலை பிரிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் வரிசை மட்டும் தலைகீழ்.

எதிர்காலத்துக்குப் 'போ'தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சுவீடன்காரர்கள் 'வா' வினையான 'கொம்மா'வை வைத்து எதிர்காலம் சொல்கிறார்கள். நாம் காலத்தை நோக்கிப் போகிறோமா, காலம் நம்மை நோக்கி வருகிறதா என்பதுதான் வேறுபாடு. ஆங்கிலம் இரண்டு படத்தையும் கையில் வைத்திருக்கிறது. வினையில் நாம் போகிறோம், பெயரில் 'த கமிங் வீக்' நம்மிடம் வருகிறது. 'கம் மண்டே' என்று தொடங்கி, திங்கள் வந்தால் பார் என்றும் சொல்லலாம். நாமும் 'வர்ற வாரம் போகப் போறேன்' என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டுச் சுகமாக இருக்கிறோம். ஆனால் 'எழுதி வருகிறேன்' என்று தொடர்செயலைக் காட்டும் நம் 'வா'வுக்கு ஆங்கில 'கம்'மில் இணை கிடையாது. 'கம் டு நோ', 'கம் டு லவ்' என்று மெல்ல மெல்ல ஒரு நிலைக்கு வந்து சேர்வதைத்தான் அது சொல்லும், மறுபடியும் சேரிடம்தான்.

சில சிறு வழக்குகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 'ஹியர் கம்ஸ் த பஸ்', 'தேர் கோஸ் த பஸ்' என்பவற்றில் எழுவாய் பின்னே போகும். பெயருக்குப் பதில் 'இட்' வந்தால் மட்டும் பழைய இடத்துக்கே திரும்பி 'ஹியர் இட் கம்ஸ்' ஆகிவிடும். கண்முன் நடப்பதாக இருந்தும் 'இஸ் கமிங்' வேண்டாம் என்பது இதன் தனிக்குணம். 'கோ' வினையோடு 'ஷாப்பிங்', 'ஃபிஷிங்', 'ஸ்விம்மிங்' நேரே சேரும், இடையில் 'டு' கூடாது. படிப்பும் அலுவலக வேலையும் இந்த வரிசையில் சேராது, பெரும்பாலும் வீட்டைவிட்டு வெளியே போய்ச் செய்யும் பொழுதுபோக்குக்கும் அலைச்சலுக்கும்தான் இடம். அமெரிக்கர்கள் 'அண்ட்' இல்லாமலே 'கோ சீ', 'கம் சீ' என்பார்கள், ஆனால் வினை மாறாமல் நின்றால் மட்டும். 'வென்ட் சா' கிடையாது. 'கோ ஆஃப்' ஒரு தனிக் குறும்பு. விளக்கு 'வென்ட் ஆஃப்' என்றால் அணைந்தது, அலாரம் 'வென்ட் ஆஃப்' என்றால் அடித்தது, பிரிட்டிஷ் வழக்கில் பால் 'வென்ட் ஆஃப்' என்றால் கெட்டது. இதற்கெல்லாம் ஒரே விளக்கம் தேடுபவர்கள்மேல் எனக்கு நம்பிக்கையில்லை.

நம்மூர் ஆங்கிலத்தில் இந்த இணை எடுத்த உருவங்களை எல்லாம் பிழை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சில பிழைதான். 'வேர் டு யூ கம் ஃப்ரம்?' என்றால் சொந்த ஊர் எது என்ற கேள்வி, 'வேர் ஆர் யூ கமிங் ஃப்ரம்?' என்றால் இப்போது எங்கிருந்து வருகிறீர்கள் என்ற கேள்வி. 'எங்கிருந்து வர்றீங்க?' இரண்டுக்கும் உதவுவதால் இந்தியர்கள் இரண்டாவதைச் சொந்த ஊருக்கும் கேட்டு, 'கேன்டீனிலிருந்து' என்று பதில் வாங்குவது உண்டு. 'கம் டு ஹோம்' என்பதும் அப்படியே. 'ஹோம்' அங்கே வினையடையாக நிற்பதால் 'டு' ஏற்காது.

விடைபெறும் சொல் அந்த ரகம் இல்லை. இலங்கை ஆங்கிலத்தில் 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள். யாழ்ப்பாணத்தின் 'போட்டு வாறன்' ஒருபுறம், அதே பொருளுள்ள சிங்கள விடைச்சொல் மறுபுறம், இரண்டும் சேர்ந்து அந்த வாக்கியத்தை நிலைநிறுத்திவிட்டன. நாம் 'போயிட்டு வர்றேன்' என்பதை இன்னும் சுருக்கி 'வர்றேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு வாசல்படி இறங்குகிறோம். சாவு வீட்டில் மட்டும் அதைச் சொல்வதில்லை. தமிழோடு எந்த உறவும் இல்லாத நைஜீரியாவிலும் கானாவிலும், அறையைவிட்டு வெளியே போகிறவர் 'ஐ ஆம் கமிங்' என்று சொல்லிவிட்டுப் போவார், இதோ வந்துவிடுகிறேன் என்ற பொருளில். லண்டன்காரருக்கு இது விசித்திரமாகப் படும், ஆள் போகிறார், வாய் வருகிறேன் என்கிறதே என்று. ஃபில்மோரின் கணக்கில் வைத்துப் பார்த்தால் இதில் விதிமீறல் எதுவும் இல்லை. சொல்லப்படுவது திரும்பும் பயணம்; அது சேருமிடம், கேட்பவர் இருக்கும் இடம். அதற்கு 'கம்'தான் சரியான சொல். போகும் பயணத்தை மட்டும் வாயால் சொல்லாமல் கால் சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.